ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் எதை வைப்பது, எதை விடுவது? (பால் சொசைட்டிக்கு எழுதிய குட்டி மொழி)

#1 வேலந்தாவளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு வேலந்தாவளத்தில். இங்கே நின்றால் கேரளா, நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பால் சொசைட்டிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும் பால் ஊற்ற வருவார்கள். லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு போகப் பாலில் மீதியுள்ள திடப்பொருள்) மூன்றையும் அடித்தால் தொகை வர வேண்டும். ஆனால் ரேட் சார்ட் மாறிக்கொண்டே இருக்கும். எஸ்.என்.எஃப். கணக்கும் அப்படித்தான்: லாக்டோமீட்டர் ரீடிங்கை நாலால் வகுத்து, ஃபேட்டில் ஒரு பங்கைக் கூட்டி, கடைசியில் ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும். அந்த மாறிலி இடத்துக்கு இடம் வேறு. ஒவ்வொரு தடவையும் செக்ரட்டரி போன் செய்ய, நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கோடைத் திருத்த, அலுத்துப்போய்விட்டது. ரேட் விதியை அவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு குட்டி மொழி செய்தேன். அதைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டர் கோ மொழியில். கூட்டல், கழித்தல், 'என்றால்', ஓர் அட்டவணை, அவ்வளவுதான்.

இப்போது அது வளர ஆரம்பித்துவிட்டது. ஓணத்துக்கு போனஸ் கணக்கிட வேண்டுமாம், தேதி வேண்டும் என்கிறார் ஒருவர். பழைய கணக்கு சி.எஸ்.வி. ஃபைலில் இருக்கிறது, அதைப் படிக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். போன வாரம் ஒருத்தர், 'இதிலிருந்தே எஸ்.எம்.எஸ். போகுமா தம்பி?' என்று கேட்டுவிட்டார்.

எனக்கு ஆதர்சம் லுவா. பிரேசிலில் ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-ல் பிறந்த மொழி. அதன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் (மொழியோடு சேர்ந்தே வரும் தயார் ஃபங்ஷன்களின் தொகுப்பில்) எழுத்துக் கோவைகளைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கூடக் கிடையாது, அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு பேட்டர்ன் வசதி. மீதியை, தன்னைச் சுமக்கும் நிரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். நானும் அப்படியே விடலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

(நூலகம் என்று எழுதலாம்தான். எழுதினால் எனக்குப் பஞ்சாயத்து வாசகசாலையும் அதன் மரபெஞ்சும்தான் ஞாபகம் வருகிறது. லைப்ரரி என்றே போகட்டும்.)

#2 நகரி_தறி

தம்பி, நான் எதிர்க்கட்சி. எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள்.

நான் ஆந்திரா நகரி. இங்கே விசைத்தறிக் கூடங்களில் கூலிக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் பஞ்சுத் தூசி இருக்கும், இன்டர்நெட் இருக்காது. 2011-ல் முதல் கூடத்துக்குப் போனபோது கையில் இருந்தது ஒரு பென் டிரைவ், அதில் பைத்தான் இன்ஸ்டாலர் மட்டும். முழுக் கூலிப் புத்தகத்தையும் அதை வைத்தே எழுதினேன். டேட்டாபேஸுக்கு எஸ்.க்யூ.லைட் (2006-ல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே பைத்தானோடு வருகிறது), திரைக்கு டிகிண்டர், ஃபைலுக்கு சி.எஸ்.வி., பணத்துக்கு டெசிமல். வெளியிலிருந்து ஒரு பேக்கேஜும் இறக்கவில்லை. அந்த நிரல் இன்னும் ஓடுகிறது.

நெட் போனால் கையில் மிஞ்சுவது எதுவோ அதுதான் ஸ்டாண்டர்ட் லைப்ரரி. உங்கள் சொசைட்டியிலும் எல்லை டவரில் சிக்னல் வந்து வந்து போகும் இல்லையா? பட்டணத்தில் உட்கார்ந்து, 'வேண்டியதை இறக்கிக்கொள்' என்று சொல்வது சுலபம்.

#3 சித்தூர்ப்புழை

நகரி அண்ணா சொல்வது சரி. ஆனால் உள்ளே வைத்ததை வெளியே எடுக்க எத்தனை வருடம் ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பைத்தானில் 'செத்த பேட்டரிகளை அகற்றுதல்' என்றே ஒரு முன்மொழிவு உண்டு, எண் 594 (கூடவே வரும் மாட்யூல்களைத்தான் பேட்டரி என்கிறார்கள்). அதன்படி 3.11-ல் எச்சரிக்கை கொடுத்து, 2024 அக்டோபரில் வந்த 3.13-ல் 19 மாட்யூல்களைத் தூக்கினார்கள். டெல்நெட், பழைய சி.ஜி.ஐ., யூஸ்நெட் செய்திக் குழுக்களுக்கான ஒன்று, சன் கம்பெனியின் ஆடியோ ஃபைலைப் படிக்க ஒன்று. உள்ளே வைத்த காலத்தில் இதெல்லாம் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். அப்புறம் அந்தத் தொழில்நுட்பம் செத்த பிறகும் பராமரிக்கிற வேலை மட்டும் சாகவில்லை.

எடுக்க முடியாமல் நிற்பவை இன்னும் மோசம். கமாண்ட் லைன் ஆப்ஷன்களைப் படிக்க பைத்தானில் கெட்ஆப்ட், ஆப்ட்பார்ஸ், ஆர்க்பார்ஸ் என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் குடியிருக்கிறது. வலைப்பக்கத்தை எடுக்க யுஆர்எல்லிப் இருக்கிறது. அதன் சொந்த ஆவணமே, 'வசதியாக வேண்டும் என்றால் வெளியே உள்ள ரிக்வெஸ்ட்ஸ் பேக்கேஜைப் பாருங்கள்' என்று கைகாட்டுகிறது. உள்ளே போன பொருள் வளராது. ஒரு வரியை மாற்றினால் உலகம் முழுக்க யாருடைய நிரலோ உடையும் என்று பயந்து கை வைக்கவே மாட்டார்கள்.

#4 நகரி_தறி

சித்தூரா? நம்ம ஊருக்குப் பக்கம்தானே, எந்தத் தெரு?

#5 சித்தூர்ப்புழை

அண்ணா, அது உங்கள் ஆந்திரச் சித்தூர். நான் பாலக்காட்டுச் சித்தூர். கூரியர்காரர்களும் இதே குழப்பத்தில் ஒரு தடவை என் பார்சலை அங்கே அனுப்பிவிட்டார்கள். நேம்ஸ்பேஸ் (ஒரே பெயர் மோதாமல் பிரித்து வைக்கும் வசதி) இல்லாத ஊர்ப் பெயர்கள்.

#6 களியக்காவிளை

:) அப்படிப் பார்த்தால் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஒரு பெயரை வைப்பது ஊருக்கு அந்தப் பெயரைப் பட்டா போட்டுக் கொடுப்பது மாதிரி. பிறகு வருகிறவன் 'சித்தூர் 2' என்று போர்டு வைக்க வேண்டியதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கோ மொழியில் நடந்தது. ரேண்டம் எண் பேக்கேஜில் சில முடிவுகள் தப்பு என்று தெரிந்தது. ஆனால் 2012-ல் 'கோ 1-க்கு எழுதியது உடையாது' என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் பழையதை அப்படியே விட்டு, 2024 பிப்ரவரியில் 1.22 பதிப்பில் 'வி2' என்று பக்கத்திலேயே இன்னொன்று கட்டினார்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் வந்த முதல் வி2 அதுதான்.

இருந்தாலும் நான் நகரி அண்ணன் பக்கம் பாதி சாய்வேன். சிறிய லைப்ரரி என்று பெருமை பேசிய ஜாவாஸ்கிரிப்ட் உலகம் 2016 மார்ச்சில் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? லெஃப்ட்-பேட். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரி நிரல். எழுதியவருக்கும் ஒரு நிறுவனத்துக்கும் வேறொரு பேக்கேஜின் பெயர் விஷயமாகத் தகராறு. அவர் கோபத்தில் தன்னுடைய எல்லாவற்றையும் என்.பி.எம். என்ற பொதுப் பேக்கேஜ் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ரியாக்ட், பேபல் போன்ற பெரிய பேக்கேஜ்கள் எல்லாம் இறங்காமல் நின்றன. அடுத்த வருடமே பேட்ஸ்டார்ட் என்று மொழிக்குள்ளேயே சேர்த்தார்கள்.

2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்று இன்னொரு பேக்கேஜ். பராமரித்துக்கொண்டிருந்தவர் அலுத்துப்போய், கேட்ட ஓர் அந்நியரிடம் சாவியைக் கொடுத்தார். அந்த அந்நியர் பிட்காயின் திருடும் கோடை உள்ளே நுழைத்தார். இடைவெளி நிரப்புகிற வேலைக்குக்கூட முன்பின் தெரியாத ஒருவரை நம்ப வேண்டியிருந்தால் அது மொழியை வடிவமைத்தவர்களின் குறைதான்.

#7 வாளையார்_லாரி

லாரியோடு ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி மூன்றும் வரும். கிரீஸ் கன் வராது. அதுதான் ஸ்டாண்டர்ட் லைப்ரரி. இதற்கு இத்தனை பக்கமா.

#8 சித்தூர்ப்புழை

அண்ணா, ஸ்டெப்னி எந்த சைஸ் என்பதில்தான் இங்கே சண்டையே.

#9 வேலந்தாவளத்தான்

எல்லோருக்கும் நன்றி. களியக்காவிளை அண்ணன் லெஃப்ட்-பேட் என்று ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

சொசைட்டியில் பில் அடிப்பது சின்ன தெர்மல் பிரின்டர், ஒரு வரிக்கு 32 எழுத்து. பெயர், லிட்டர், தொகை மூன்றும் நேராக நிற்க வேண்டும். பெயரை 14 இடத்துக்கு நிரப்பு என்று எழுதினேன். ஆங்கிலத்தில் நேராக வந்தது. தமிழில் பெயர் போட்டதும் தொகை ஒரு வரியில் நடுவில், ஒரு வரியில் ஓரத்தில் என்று குடித்துவிட்டு வந்த மாதிரி நின்றது.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். கோ, ரஸ்ட் மொழிகளில் நீளம் கேட்டால் 15 என்கிறது, அது பைட் கணக்கு. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன, இகரக் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடும். ஸ்விஃப்ட்டும் எலிக்ஸரும்தான் 3 என்கின்றன. ஆக, மொழிக்குள் கொண்டுவந்த அந்த பேட்ஸ்டார்ட் எனக்கு ஒரு பைசாவுக்கும் உதவாது.

3 என்று வந்துவிட்டால் மட்டும் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 'ர' எவ்வளவு அகலம், 'ணௌ' எவ்வளவு அகலம்? எழுத்தை எண்ணி இடம் நிரப்புவதே தமிழுக்குச் சரிவராது. கடைசியில் வரியை முழுசாகப் படமாக வரைந்து பிரின்டருக்கு அனுப்பினேன். அதனால்தான் கேட்கிறேன், நீளம் என்கிற ஃபங்ஷனைக்கூட என் மொழியில் வைக்கலாமா வேண்டாமா?

#10 சித்தூர்ப்புழை

இதில்தான் விஷயம் ஆழமாகிறது. நானும் இந்தக் குழியில் விழுந்திருக்கிறேன், அதுவும் மலையாளத்தோடு சேர்த்து.

மனிதக் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை எப்படிப் பிரிப்பது என்பதற்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரம்) ஒரு விதி வைத்திருக்கிறது. ஸ்விஃப்ட் 3 என்று சொல்வது அதை வைத்துத்தான். ரஸ்ட் அதை வேண்டுமென்றே ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு வெளியே விட்டது, தனி கிரேட்டாக (ரஸ்ட்டில் பேக்கேஜுக்கு அதுதான் பெயர்) இறக்கிக்கொள்ள வேண்டும். ரொம்ப நாள், 'இது என்ன கஞ்சத்தனம்' என்று திட்டிக்கொண்டிருந்தேன். 2023 செப்டம்பரில் யூனிகோடு 15.1 வந்த பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பதிப்பில் கூட்டெழுத்துக்கு ஒரு புது விதி சேர்ந்தது. தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரியான குறி) போட்டு ஒட்டிய மெய்கள் இனி ஒரே எழுத்து. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை, நாம் புள்ளியை வெளிப்படையாகவே வைத்து எழுதுகிறோம் என்பதால் அது நியாயமும்கூட. இப்போது 'லக்ஷ்மி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் ல, க், ஷ், மி என்று 4. அதே பெயரை மலையாளத்திலோ தெலுங்கிலோ எழுதினால் பழைய விதிப்படி 4, புதிய விதிப்படி 2. உங்கள் சொசைட்டியில் ஒரே வீட்டில் அம்மா பெயர் தமிழில், மகள் பெயர் மலையாளத்தில் இருக்கும் இல்லையா? மொழியை அப்டேட் செய்த மறுநாள் மகளின் பெயர் மட்டும் சுருங்கிவிடும்.

அதாவது எழுத்தை எண்ணும் வேலை கணிதம் மாதிரி நிலையானது இல்லை. ஒரு குழு வருடத்துக்கொரு தரம் உட்கார்ந்து திருத்துகிற அட்டவணை அது, கிட்டத்தட்ட உங்கள் ரேட் சார்ட் மாதிரி. அதை ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் பூட்டினால் மொழியின் பதிப்பும் அட்டவணையின் பதிப்பும் ஒரே கயிற்றில் கட்டப்படுகின்றன.

அப்புறம் மலையாளச் சில்லெழுத்து. ராஜன் என்ற பெயரின் கடைசி 'ன்' அங்கே தனி வடிவம். 2008-ல் யூனிகோடு 5.1 வரும் வரை அதை மூன்று குறிகளைச் சேர்த்து எழுதினார்கள், அதன்பின் ஒற்றைக் குறி. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் யூனிகோடு அவற்றைச் சமம் என்று அறிவிக்கவில்லை, அதனால் ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிகளை ஒன்றாக்க பைத்தானோடு வரும் நார்மலைஸ் ஃபங்ஷன் இரண்டையும் இணைக்காது. ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) பழைய பட்டியலையும் புதியதையும் இணைத்தபோது ஊரில் இருந்த ராஜன்கள் எல்லோரும் இரட்டையர் ஆகிவிட்டார்கள். இரண்டு நாள் என் ராத்திரி தூக்கம் போனது.

தமிழிலும் சின்னதாக ஒன்று உண்டு. 'கொ' என்பதை ஒரே கொம்பாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். நார்மலைஸ் இரண்டையும் ஒன்றாக்கும். ஆனால் 'கௌ' என்பதற்கு யாராவது 'கெ' போட்டு 'ள' அடித்திருந்தால் எந்த லைப்ரரியாலும் காப்பாற்ற முடியாது.

#11 நகரி_தறி

மேலே அம்மணி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் கூடத்தில் பாதிப் பேர் பெயர் தெலுங்கில். கைவைக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

வரிசைப்படுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர்களை அப்படியே சார்ட் செய்தால் குறி எண்படி அடுக்கிவிடும். அதில் 'ன' வந்து 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். 'ற' என்பது 'ர'வுக்குப் பக்கத்தில். அகராதியில் 'பக்கம்' முதலில், 'பகல்' பிறகு. கம்ப்யூட்டரில் தலைகீழ், ஏனென்றால் புள்ளியின் எண் எல்லா மெய்க்கும் பின்னால். கூலி வாங்க வருகிறவர் தன் பெயரை எங்கே தேடுவார்?

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். தமிழ் வரிசையைத் தானாகத் தெரிந்த மொழி எது என்று தேடினேன். என் செல்லப் பைத்தானில் நேரடியாக இல்லை. லொக்கேல் (மொழி, ஊர் அமைப்பு) வழியாகப் போனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் என்ன ஏற்றியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. கோ மொழியில் எக்ஸ் என்ற தனி அடுக்கில் இருக்கிறது, ஸ்டாண்டர்டில் இல்லை. கூடவே வருவது ஜாவாஸ்கிரிப்டில்! இன்டல் என்கிற பொருளில் வரிசைப்படுத்த கொலேட்டர் இருக்கிறது, 'ழ ள ற ன' சரியாக நிற்கிறது. எழுத்தைப் பிரிக்க செக்மென்ட்டர் இருக்கிறது. 1234567 கொடுத்தால் 12,34,567 என்று நம் ஊர் முறையில் கமா போடுகிறது. பைத்தானில் கமா போடச் சொன்னால் 1,234,567 என்று வெள்ளைக்காரன் கணக்குத்தான். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு 2019-ல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து முழு மொழித் தரவையும் சேர்த்தே தருகிறது.

11 வரி இடைவெளி நிரப்ப ஆள் இல்லாத அதே மொழி! என்னத்தைச் சொல்ல.

#12 களியக்காவிளை

அதற்குக் காரணம் உண்டு அண்ணே. பிரவுசருக்குள் அந்தத் தரவு எப்படியும் இருந்தே ஆக வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு ஒரு ஜன்னல் திறந்துவிட்டது. வேலந்தாவளத்துத் தம்பிக்கும் இதே வழி. உங்கள் மொழிக்குள் யூனிகோடு அட்டவணையை வைக்க வேண்டாம். வெளியே சுமக்கும் கோ நிரலிலிருந்து 'எழுத்துகள்', 'வரிசை' என்று இரண்டு ஃபங்ஷனை உள்ளே நீட்டுங்கள். அட்டவணை பழசானால் அந்த நிரலை மட்டும் மாற்றினால் போதும். (பைத்தானில் வேலை செய்கிறவர்களுக்கு ஓப்பன்-தமிழ் இருக்கிறது, எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும்.)

எதை வைப்பது என்பதற்கு நான் பிடித்து வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று. ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக லைப்ரரி எழுதுகிறார்கள். ஒருவரின் ஃபங்ஷன் திருப்பித் தருவதை இன்னொருவரின் ஃபங்ஷன் வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் கைமாறும் அந்தப் பொருளின் வடிவம் இருக்கிறதே, அது ஸ்டாண்டர்டில் இருக்க வேண்டும். அதை வைத்து என்ன வேலை செய்கிறார்கள் என்பது வெளியே இருக்கலாம்.

கோவின் கான்டெக்ஸ்ட் ('இந்த வேலையை நிறுத்து' போன்ற செய்தியைச் சுமக்கும் பொருள்) இதற்கு நல்ல உதாரணம். முதலில் எக்ஸ் அடுக்கில்தான் இருந்தது. எல்லோருடைய ஃபங்ஷனிலும் முதல் ஆர்க்யுமென்ட்டாக வர ஆரம்பித்ததும் 2016-ல் 1.7 பதிப்பில் ஸ்டாண்டர்டுக்குள் கொண்டுவந்தார்கள். ரஸ்ட்டில் பிறகு முடியப்போகும் வேலையைக் குறிக்கும் ஃப்யூச்சர் என்ற வடிவம் மட்டும் 2019-ல் உள்ளே வந்தது, அதை ஓட்டும் இன்ஜின் வெளியே. அது பாதிக் கிணறுதான், ஓர் இன்ஜினுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாமல் இன்றும் அவஸ்தை. ஆனாலும் கோடு போட்ட இடம் எனக்குப் புரிகிறது.

பணத்துக்கு வாருங்கள். கோவின் ஸ்டாண்டர்டில் பத்தடிமான எண் கிடையாது. பெரிய முழு எண், பின்னம் எல்லாம் உண்டு, பைசா கணக்குக்கு ஏற்ற டெசிமல் இல்லை. வெளியே நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள், ஒன்றின் ரூபாய் இன்னொன்றில் செல்லாது. எல்லைக் கடையில் சில்லறை மாற்றுகிற கதை. டெசிமல் உள்ளே இருந்தே ஆக வேண்டியது என்பது என் கட்சி.

#13 சித்தூர்ப்புழை

> நடுவில் கைமாறும் அந்தப் பொருளின் வடிவம் ஸ்டாண்டர்டில் இருக்க வேண்டும்

அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு தேதியை இதில் போட்டுப் பாருங்கள். ஜாவாவின் டேட் 1996-லேயே ஸ்டாண்டர்டில் இருந்தது. எல்லோருடைய ஃபங்ஷனிலும் கைமாறியது. ஜனவரி 0, வருடத்தை 1900-லிருந்து எண்ண வேண்டும், கையில் கொடுத்த தேதியை வாங்கியவன் மாற்றிவிடலாம். கைமாறும் பொருள் என்பதாலேயே அந்தத் தப்பு டேட்டாபேஸ் வரை பரவியது. சரியான ஒன்று உள்ளே வர 2014, ஜாவா 8 வரை காத்திருந்தோம். ஜாவாஸ்கிரிப்ட் அதை அப்படியே காப்பி அடித்தது, அங்கே டேட்டில் இன்றும் ஜனவரி 0-தான். ஆக, உங்கள் அளவுகோல் எதை உள்ளே வை என்கிறதோ, தப்பினால் அதிக சேதம் வருவதும் அங்கேதான்.

ஜாவா 8-ல் வந்தது ஏன் நன்றாக இருந்தது? அதற்கு முன் ஜோடா-டைம் என்று வெளியே பல வருடம் எல்லோர் கையிலும் அடிபட்டது. அதை எழுதியவரையே கூட்டிவந்து, தெரிந்த குறைகளை நீக்கி, புதிதாக எழுத வைத்தார்கள். ரஸ்ட்டும் அப்படித்தான். முதல் தடவை கேட்கும்போது மட்டும் கணக்கிடும் மாறிலிக்கு லேஸி-ஸ்டாட்டிக் என்று வெளியே ஒன்று, அப்புறம் ஒன்ஸ்-செல் என்று அதைவிட நல்லதாக ஒன்று. 2023-ல் பாதி, 2024 ஜூலையில் மீதி ஸ்டாண்டர்டுக்கு வந்தது. ஏறத்தாழ பத்து வருடம் வெளியே கிடந்து பழுத்த பழம்.

எங்கள் பக்கம் முதலமடை மாங்காய்க்காரர்களிடம் கேளுங்கள். சீக்கிரம் சந்தைக்குப் போக வேண்டும் என்று கல் வைத்துப் பழுக்க வைத்தால் நிறம் வரும், வாசம் வராது.

#14 களியக்காவிளை

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வருடம் வெளியே கிடக்கும்போது நகரி அண்ணன் நெட் இல்லாத அறையில் என்ன செய்வார்?

#15 நகரி_தறி

காத்திருப்பேன் என்று நினைத்தீர்களா? நானே ஒன்று எழுதுவேன், தப்பாக. அந்தத் தப்பு நூறு கூடத்துக்குப் பரவும். ஜாவா ஒரு தப்புச் செய்தது, உங்கள் வழியில் ஆளுக்கொரு தப்பு. எது மேல் என்று எனக்கு உண்மையில் தெரியவில்லை.

#16 வாளையார்_லாரி

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வாளையார் வரிச் சோதனைச்சாவடி போனது. அதுவரை ஃபார்ம் கணக்கு எழுதிக் கொடுத்த கடைகள் எல்லாம் ஒரே நாளில் காலி. ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் வரி விகிதம் வைக்காதீர்கள். நான் இவ்வளவுதான் சொல்வேன்.

#17 வேலந்தாவளத்தான்

லாரி அண்ணன் சுருக்கமாகச் சொன்னாலும் எனக்கு அது உதவியது. அரசோ சொசைட்டியோ யூனிகோடு குழுவோ நினைத்தால் மாற்றக்கூடிய எதுவும் மொழிக்குள் வேண்டாம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். எஸ்.என்.எஃப். மாறிலி, ரேட் சார்ட், ஓணம் என்றைக்கு, எழுத்து அட்டவணை எல்லாம் வெளியே. எஸ்.எம்.எஸ்.ஸும் வெளியே, அந்த அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உள்ளே வைக்கப்போவது: டெசிமல் மட்டும், ஃப்ளோட் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) கிடையவே கிடையாது. தேதி என்றால் நாள், அதோடு 'காலை' அல்லது 'மாலை'. மணி, நிமிடம், டைம்சோன் ஒன்றும் இல்லை. பால் ஊற்றுகிறவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அட்டவணை. சி.எஸ்.வி. படிப்பதை இரண்டு நாள் யோசித்துச் சேர்த்துவிட்டேன், நகரி அண்ணனின் பென் டிரைவ் மனதில் நின்றுவிட்டது. நீளம் என்ற ஃபங்ஷன் இல்லை. யாராவது கேட்டால் 'எதற்கு?' என்று திருப்பிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

ஒன்றுதான் இன்னும் இடிக்கிறது. 4.5 லிட்டர், லிட்டர் 41.37 ரூபாய். பெருக்கினால் 186.165. பைசாவுக்கு ரவுண்ட் செய்ய வேண்டும். பைத்தானின் டெசிமல், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும், 186.16 வரும். சொசைட்டியில் கையால் எழுதிய காலத்திலிருந்து 186.17. ஒரு பைசாதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு 17 வந்து தனக்கு 16 வந்தால் அந்த அம்மா பால் கேனைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார். எதை டிஃபால்ட் ஆக வைப்பது?

#18 சித்தூர்ப்புழை

டிஃபால்ட்டே வைக்காதீர்கள். ரவுண்ட் என்று எழுதினால் 'மேலே' அல்லது 'இரட்டைக்கு' என்று கூட எழுதினால்தான் நிரல் ஓட வேண்டும். செக்ரட்டரி ஒரு தடவை எழுதுவார், கமிட்டி கையெழுத்துப் போடும். யார் கேட்டாலும் அந்த வரியைக் காட்டலாம்.

#19 நகரி_தறி

அம்மணி சொல்வதுபோலச் செய்யுங்கள். இந்த மொழி ஒரு நிலைக்கு வந்ததும் இன்ஸ்டாலரை எனக்கும் அனுப்புங்கள் தம்பி. எங்கள் கூடத்தில் மீட்டர் கூலிக்கு விதி எழுத ஆள் இருக்கிறது. லிங்க் வேண்டாம், நெட் இல்லை. அடுத்த மாதம் மகளைப் பார்க்கக் கோயமுத்தூர் வருகிறேன், பென் டிரைவோடு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

#20 வேலந்தாவளத்தான்

வாங்கண்ணா. உக்கடத்தில் பஸ் ஏறி வேலந்தாவளம் ஸ்டாப்பில் இறங்குங்கள், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். வரும்போது உங்கள் ஆட்களின் தெலுங்குப் பெயர்ப் பட்டியல் ஒன்று கொண்டு வாருங்கள். லக்ஷ்மி இருக்க வேண்டும்.